போனில் அவசரப்பட்டுச் சொன்ன ‘எடு’

திருவட்டார்
செவ்வாய்க்கிழமை காலை

அன்பு மக்களே,

நேற்று ராத்திரி பிடித்த சாரல் இன்னும் விடவில்லை. நம் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்கு வருகிற அண்ணன் ஐந்து மணிக்கே வந்து, டார்ச் அடித்து நாலைந்து மரத்தைத் தொட்டுப் பார்த்தார். “பட்டை நனைஞ்சு கெடக்கு சாரே, இன்னைக்கு வெட்டண்டாம்” என்று சொல்லி, திண்ணையில் இருந்து ஒரு கட்டன்சாயா குடித்துவிட்டுப் போய்விட்டார். எனக்கும் வேலை இல்லை. அதனால் இந்தக் கடிதம். போனிலேயே பேசி அனுப்பலாமே என்றாள் உன் அம்மா. முப்பது வருஷம் காலேஜ் ஆபீஸில் குறிப்பு எழுதிப் பழகிய கை இது, பேனா பிடித்தால்தான் யோசனை வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டாயே, “அப்பா, இந்த செமஸ்டர்ல ஒரு பேப்பர் கூடுதலா எடுக்கட்டுமா” என்று. நீ கேட்டு முடிக்கும் முன்னால் “எடு மக்களே, தாராளமா எடு” என்று சொல்லிவிட்டேன். உன் அம்மா அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். போனை வைத்ததும் அங்கிருந்தே சொன்னாள்: “அவ உங்ககிட்ட யோசனையாக்கும் கேட்டா. நீங்க சம்மதம் குடுத்திட்டிய.”

அவள் சொன்னது சரி. உண்மையைச் சொன்னால் நான் உன் கேள்வியையே முழுசாகக் கேட்கவில்லை. ‘கூடுதல்’ என்ற ஒரு வார்த்தைதான் காதில் விழுந்தது. மற்ற பிள்ளைகள் இருக்கிற பேப்பரையே கஷ்டம் என்கிறபோது நம் பிள்ளை கூட ஒன்று எடுக்கிறாள் என்று மனசு பொங்கிவிட்டது. அன்று சாயங்காலமே டீக்கடையில் இரண்டு பேரிடம் சொல்லியும் விட்டேன். நீ எடுக்காவிட்டால் அவர்களிடம் என்ன சொல்வது என்று நேற்று ஒரு நிமிஷம் யோசித்தேன் பார், அப்போதுதான் எனக்கே வெட்கமாக இருந்தது. அந்த ‘எடு’வைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். எடுக்காதே என்று சொல்லவும் இல்லை. முதலிலிருந்து பேசுவோம்.

ஆபீஸ் கவுண்டரில் இருந்தபோது கூடுதல் பேப்பர் கேட்டு வந்த பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு பையன் இன்னும் நினைவில் இருக்கிறான். கணிதம் படித்தான், வகுப்பில் முதல் மூன்று பேருக்குள் வருகிறவன். ஒரு செமஸ்டரில் கம்ப்யூட்டர் பேப்பர் ஒன்றைக் கூடுதலாக எடுத்தான். ரிசல்ட் வந்த அன்று, அந்தக் கூடுதல் பேப்பரில் எண்பதுக்கு மேல் வாங்கியிருந்தான். கட்டாயக் கணிதப் பேப்பரான ரியல் அனாலிசிஸில் போய்விட்டது. அரியர் கட்டுவதற்கு ஃபாரம் வாங்க வந்து நின்றான். எனக்கு மனசு கேட்கவில்லை, “கூடுதல் பேப்பர் பாரமாப் போச்சா தம்பி” என்று கேட்டேன். “இல்லை சார், அது ரொம்பப் பிடிச்சிருந்தது. அதனால அதையே படிச்சிட்டிருந்தேன்” என்றான்.

அந்தப் பதிலை நான் வருஷக்கணக்காக மனசில் போட்டு உருட்டியிருக்கிறேன். கூடுதலாக எடுக்கிற பேப்பர், விளையாட்டு நேரத்தையோ தூக்கத்தையோ தின்னும் என்றுதான் நாம் நினைப்போம். அது முதலில் தின்பது நமக்குப் பிடிக்காத கட்டாயப் பேப்பரை. உட்கார்ந்து படிக்கத்தான் செய்வோம், மேஜையில் விளக்கும் எரியும், பார்க்கிறவர்களுக்கும் படிப்பாகத்தான் தெரியும். ஆனால் கை தன்னால் பிடித்த புத்தகத்தின் பக்கம் போய்விடும். அதனால் உன்னிடம் முதலில் கேட்க வேண்டியது, இந்த செமஸ்டரில் உனக்கு ஆகாத பேப்பர் எது என்பதுதான். கட்டடமும் பாலமும் எப்படிப் பாரம் தாங்கும் என்று கணக்குப் போடுகிற அந்த ஸ்ட்ரக்சரல் அனாலிசிஸ் என்று நான் நினைக்கிறேன். லீவுக்கு வந்தபோது அந்தப் புத்தகத்தைப் பையிலிருந்து வெளியே எடுக்கவே இல்லை. நான் கவனிக்கவில்லை என்று நினைத்தாயா?

கூடுதல் பேப்பர் எடுத்து நன்றாக வந்தவர்களும் உண்டு. பொருளாதாரம் படித்த ஒரு பெண் புள்ளியியல் பேப்பர் ஒன்றை விரும்பி எடுத்தாள், மேற்படிப்புக்கு அதுவே அவளுக்கு வழியாகிவிட்டது. அந்த மாதிரிப் பிள்ளைகள் அப்புறம் கவுண்டருக்கு வருவதில்லை, அதனால் அவர்கள் கதை எனக்கு அதிகம் தெரியாது.

இனி கணக்கு. நான் ஓய்வு பெறுவதற்கு முன் கடைசியாகப் படித்த சர்க்குலர்களில் ஒன்று, 2023இல் வந்த தேசியக் கிரெடிட் சட்டகம் பற்றியது. வருஷத்துக்கு 1200 மணி நேரப் படிப்பு, அதற்கு 40 கிரெடிட். அதாவது ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரம். வகுப்பில் இருப்பது, நீயாக உட்கார்ந்து படிப்பது, அசைன்மென்ட் எழுதுவது எல்லாம் அதில் அடக்கம். 3 கிரெடிட் பேப்பர் என்றால் 90 மணி நேரம். உங்கள் சிலபஸ் புத்தகத்தில் யூனிட்டுக்கு 9 பீரியட், ஐந்து யூனிட்டுக்கு 45 பீரியட் என்றுதானே போட்டிருக்கும்? அது வகுப்பு மட்டும். மீதிப் பாதியை நீ உன் கையிலிருந்து போட வேண்டும். 15 வாரத்துக்குப் பிரித்தால் வாரத்துக்கு 6 மணி நேரம்.

இப்போது உனக்கு இருப்பது 22 கிரெடிட் என்றாய். அது வாரத்துக்கு 44 மணி நேரம். இதையும் சேர்த்தால் 25 கிரெடிட், 50 மணி நேரம். ஏழு நாளைக்கு 168 மணி நேரம் இருக்கிறது, தினம் ஏழு மணி நேரம் தூங்கினாலும் 49தான் போகும், தாராளமாக அடங்குகிறதே என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. காகிதத்தில் எல்லாம் அடங்கும் மக்களே. வாரங்கள் எல்லாம் ஒரே அளவில் வராது, அங்கேதான் இடிக்கும்.

அழகியமண்டபத்திலிருந்து தக்கலைக்கு எத்தனை வருஷம் பஸ்ஸில் போனேன். பகல் பதினொரு மணிக்கு ஏறினால் படுத்துக்கொண்டே போகலாம். காலை எட்டேகாலுக்கு ஃபுட்போர்டில் ஒரு கால் வைக்க இடம் இருக்காது. நாள் முழுக்கக் கூட்டிப் பார்த்தால் பாதி ஸீட் காலி என்று கணக்கு வரும். அந்தக் கணக்கை எட்டேகால் பஸ்ஸில் தொங்குகிறவனிடம் போய்ச் சொல்ல முடியுமா? உன் செமஸ்டரிலும் எட்டேகால் பஸ் மாதிரி இரண்டு மூன்று வாரம் இருக்கும். முதல் இன்டர்னல் ஒரு வாரம், இரண்டாவது இன்டர்னல் ஒரு வாரம், லேப் ரெக்கார்டு முடித்துக் கையெழுத்து வாங்குகிற வாரம். சர்வே கேம்ப் வேறு இந்த செமஸ்டரில்தான் என்றாய். ஒரு வெள்ளைத்தாளில் பதினைந்து கட்டம் போட்டு, எந்தக் கட்டத்தில் என்ன வருகிறது என்று குறித்துப் பார். கூடுதல் பேப்பரின் இன்டர்னலும் அதே கட்டத்தில்தான் வந்து விழும். அந்தக் கட்டங்களைப் பார்த்துவிட்டு முடிவு பண்ணு. காலியாக இருக்கிற கட்டத்தைப் பார்த்துப் பண்ணாதே.

இன்னொன்றும் கேட்க வேண்டும். நீ ‘ஒரு பேப்பர்’ என்றுதான் சொன்னாய். பேச்சு வாக்கில், உன் ரூமில் இருக்கிற மூன்று பேரும் ஆனர்ஸுக்குப் பதிவு செய்கிறார்கள் என்றும் சொன்னாய். பி.இ., பி.டெக். பட்டத்துக்கு, தொழில்நுட்பக் கல்வியைக் கவனிக்கிற ஏஐசிடிஇ-யின் மாதிரிப் பாடத்திட்டத்தில் போட்டிருப்பது 160 கிரெடிட். ஆனர்ஸ் வேண்டுமானால் அதற்கு மேல் 18 முதல் 20 கிரெடிட். மும்மூன்று கிரெடிட்டாக எடுத்தால் ஆறு பேப்பர். ஆகவே நீ கேட்டது ஒரு பேப்பரா, ஆறு பேப்பரில் முதலாவதா? இரண்டுக்கும் பதில் ஒன்றல்ல. ஒன்று என்றால் ஒரு செமஸ்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடிவிடலாம். ஆறு என்றால் பாக்கி இருக்கிற நாலு செமஸ்டரும் அப்படியே ஓட வேண்டும், அதற்குள் பிளேஸ்மென்ட் வரும், ப்ராஜெக்ட் வரும். ரூமில் எல்லாரும் எடுக்கும்போது நாம் மட்டும் எடுக்காமல் இருப்பது கஷ்டம்தான், தெரியும். ராத்திரி மூன்று பேர் அந்தப் பேப்பரைப் பற்றியே பேசிக்கொண்டிருக்க, நீ மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்க வேண்டியிருக்கும். ஆனால் அதற்காக எடுக்கிற பேப்பருக்கு வாரம் ஆறு மணி நேரம் கொடுப்பது ரொம்பக் கூடுதல் விலை.

ரிமோட் சென்சிங், அதாவது சாட்டிலைட் படத்தை வைத்துப் பூமியை ஆராய்கிற பாடம் என்று நீ அந்தப் பேப்பரின் பேரைச் சொன்னது எனக்கு மறுநாள்தான் உறைத்தது. மரத்தடியில் பால் பிடிக்கிற சிரட்டையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தபோது சட்டென்று ஒக்கி புயல் ஞாபகம் வந்தது. 2017 நவம்பர் 30. நீ அப்போது ஏழாம் வகுப்பு. காலையில் காற்று எழும்பியதும் நம் தோட்டத்து மேல்தட்டில் ரப்பர் மரம் ஒவ்வொன்றாக முறிகிற சத்தம், பெரிய பட்டாசு வெடிப்பதுபோல. உன் அம்மா உன்னைக் கட்டிலுக்கு அடியில் போகச் சொன்னாள், நீ போகவில்லை, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எண்ணிக்கொண்டிருந்தாய். பதினேழு என்று நீ சொன்ன கணக்குதான் கடைசியில் சரியாக இருந்தது. கரண்ட் போனது போனதுதான், நாள்கணக்கில் வரவில்லை. அப்புறம்தான் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கத்திலிருந்து கடலுக்குப் போனவர்களைப் பற்றிச் செய்தி வரத் தொடங்கியது. பலர் திரும்பவே இல்லை. கரையில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து காத்திருந்த படத்தைப் பேப்பரில் பார்த்துவிட்டு நீ கேட்டாய், “மேல சாட்டிலைட் இருக்கே அப்பா, அது பார்த்திருக்குமே. ஏன் இவங்ககிட்ட சொல்லலை?”

என்னிடம் அன்றைக்குப் பதில் இல்லை. தாழ்வு மண்டலமாக இருந்தது ஒரே ராத்திரியில் புயலாக மாறிவிட்டது என்றும், கரையை விட்டு நெடுந்தூரம் போய் நாள்கணக்கில் தங்கி மீன் பிடிக்கிற படகுக்குச் சேதி எட்டவில்லை என்றும் பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன். நீ அந்தக் கேள்வியை மறந்திருப்பாய் என்று நினைத்திருந்தேன். பன்னிரண்டு வயதில் கேட்டது எட்டு வருஷம் கழித்துப் பேப்பர் பேராக வந்து நிற்கிறது என்றால், இது ரூம்மேட்டைப் பார்த்து வந்த ஆசை இல்லை. நீ சிவில் எடுத்ததும் அப்படித்தானே. மாத்தூர் தொட்டிப்பாலத்துக்கு முதல் தடவை கூட்டிக்கொண்டு போனபோது 28 தூணையும் எண்ணி முடித்த பிறகுதான் ஐஸ் வாங்கித் தரவே சம்மதித்தாய். 115 அடி உயரத்தில் தண்ணீர் எப்படிப் போகிறது என்று பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் கேட்டாய். பக்கத்து ஸீட்டில் இருந்த பாட்டா ஒருத்தர் கடைசியில் எழும்பி வேறு ஸீட்டுக்கே போய்விட்டார்.

சரி, ரப்பர் விஷயத்துக்கு வருகிறேன். உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்று. சொல்லப் பெருமையான விஷயம் இல்லை என்பதால் சொல்லவில்லை.

2011இல் ரப்பர் ஷீட் விலை கிலோ 200 ரூபாய்க்கு மேல் நின்றது. ஊரே ஒரு மாதிரி தலைகால் புரியாமல் இருந்த வருஷம். நம் தோட்டத்தில் அதுவரை ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வெட்டு. பட்டையை ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவி எடுத்தால் பால் இறங்கும், அந்தப் பால் பட்டைக்குள் மறுபடி ஊறிச் சேர மரத்துக்கு நேரம் வேண்டும். இது எனக்குத் தெரியாததல்ல, உன் பாட்டா சொல்லிக் கொடுத்தது. இருந்தும் அந்த அண்ணனிடம் “தினமும் வெட்டும்” என்றேன். அவர் “மரம் தாங்காது சாரே” என்றார். “ஒரு சீசன் மட்டும்” என்றேன். முதல் இரண்டு மாதம் டிரே நிறைந்தது. புகைப்புரையில் ஷீட் தொங்கவிடக் கம்பு போதவில்லை. மூன்றாம் மாதம் பால் தண்ணியாக வரத் தொடங்கியது, சிரட்டை நிறையும், உறை ஊற்றினால் ஷீட் மெலிசாக வரும். அடுத்த வருஷம் 140 மரத்தில் 11 மரம் பால் நின்றுவிட்டது. வெட்டினால் ஒரு ஓரத்தில் நாலு சொட்டு கசியும், பட்டை உள்ளே பழுப்பாக இருக்கும். வெட்டாமல் ஒரு வருஷம் போட்டோம். நாலு மரம் திரும்பியது. ஏழு திரும்பவில்லை. நீ சின்னப் பிள்ளையில் ஊஞ்சல் கட்டி ஆடினாயே, கிணற்றடியில் இரண்டு மரம், அவை ஏன் பால்வெட்டு இல்லாமல் சும்மா நின்றன என்று இப்போது தெரிந்திருக்கும். விலையும் நிற்கவில்லை. 2016 தொடக்கத்தில் கிலோ 100 ரூபாய்க்கும் கீழே போய்விட்டது.

என்னை மரத்தோடு சேர்த்துவிட்டார் அப்பா என்று கோபப்படாதே. நானும் இந்தக் கதையை வைத்து ‘எடுக்காதே’ என்றுதான் எழுத உட்கார்ந்தேன். அதை நினைத்துக்கொண்டே அந்த அண்ணனைப் பார்த்தபோதுதான் வேறொன்று தோன்றியது. மரம்தானே ஒருநாள் விட்டு ஒருநாள்? அந்த அண்ணன் மழை இல்லாத நாளெல்லாம் வெட்டத்தான் செய்கிறார். இன்றைக்கு மேல்தட்டு, நாளைக்குக் கீழ்த்தட்டு. தோட்டத்தை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார். ஒரு பக்கம் ஊறும்போது இன்னொரு பக்கம் வெட்டு. ஸ்ட்ரக்சரல் அனாலிசிஸ் படித்துத் தலை மரத்துப்போனபோது சாட்டிலைட் படம் பார்ப்பது உனக்குக் கீழ்த்தட்டு மாதிரியும் இருக்கலாம். அது உனக்குத்தான் தெரியும், நான் இங்கே இருந்து சொல்ல முடியாது.

எனக்கு உறுத்துவது வேறு. “டியூஷன் முடிச்சு வர எட்டாகும் அப்பா, அப்புறம் கூப்பிடுறேன்” என்று போன வாரம் சொன்னாய். எந்த டியூஷன் என்று கேட்டேன், பேச்சை மாற்றிவிட்டாய். உன் அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பக்கத்துத் தெருவில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர், வாரத்துக்கு நாலு சாயங்காலம், மாதம் மூவாயிரம். மெஸ் பில்லுக்கு. போக வர நடையும் சேர்த்தால் வாரத்துக்கு எட்டு மணி நேரம். நீ கேட்கிற பேப்பருக்கு ஆறு மணி நேரம். கணக்கு எங்கே இடித்தது என்று நான் தேடிக்கொண்டிருந்தேன், அது என் சட்டைப்பையில் இருந்திருக்கிறது.

நீ மறைத்ததில் எனக்குக் கோபம் இல்லை. வருத்தம் உண்டு, அது பரவாயில்லை. பென்ஷன் வந்த பிறகு அப்பா கையை இழுத்துப் பிடிக்கிறார் என்று நினைத்திருப்பாய். வீட்டுச் செலவில் இழுத்துப் பிடிப்பது உண்மைதான், உன் படிப்புக்கு அல்ல. ஒட்டுப்பாலை நான் தனியாகச் சாக்கில் கட்டி வைத்து மாசத்துக்கு ஒருதடவை விற்கிறேன். சிரட்டையில் ஒட்டிக் காய்ந்ததை உரித்து எடுப்பதுதானே, ஷீட் விலை கிடைக்காது, ஆனாலும் அந்தக் காசு தனியாகவே கிடக்கிறது. சின்னதில் நீ அதைச் சுற்றிச் சுற்றிப் பந்து உருட்டி விளையாடுவாய், இப்போது மெஸ்ஸுக்குப் போகட்டும். அடுத்த மாதத்திலிருந்து மூவாயிரம் உன் கணக்குக்கு வரும். உன் அம்மாவுக்கு இதில் வேறு அபிப்பிராயம். “அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கிறது அவளுக்குப் பிடிச்சிருக்கு, காசு மட்டும்னு நினைக்காதீங்க” என்கிறாள். அப்படியானால் நாலு நாளை இரண்டாக்கு. பாதிப் பணம் வாங்கு. அவர்களும் பரீட்சைக்கு நடுவில் விட்டுவிட்டுப் போகாத டீச்சர் கிடைத்தாள் என்று சம்மதிப்பார்கள்.

ஆபீஸ்காரன் புத்தி போகாது, நாலு விஷயம் உன் டிபார்ட்மென்ட் ஆபீஸில் கேட்டு வை. நோட்டீஸ் போர்டில் இருப்பதை நம்பாதே, கவுண்டரில் இருக்கிறவரிடம் நேரில் கேள், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போ, காலையில் அவர்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. பதிவு செய்த பேப்பரைத் திரும்ப எடுக்கக் கடைசி நாள் எது? அதற்குள் முதல் இன்டர்னல் வந்துவிடுமா? கூடுதல் பேப்பரில் போய்விட்டால் அது அரியர் என்று மார்க் ஷீட்டில் ஏறுமா, சிஜிபிஏ-யில் சேருமா? இதை அழுத்திக் கேள். கேம்பஸுக்கு வருகிற கம்பெனிகள் பல, அரியர் நிலுவையில் இருந்தால் உட்காரவே விடமாட்டார்கள். அது கட்டாயப் பேப்பரா, ஆசைக்கு எடுத்ததா என்று யாரும் பிரித்துப் பார்க்கப்போவதில்லை. அப்புறம் வருகை. 75 சதவீதம் என்பது பேப்பருக்குப் பேப்பரா, மொத்தத்துக்கா? சர்வே கேம்ப் போகிற நாளில் அந்தக் கூடுதல் வகுப்பில் உனக்கு ஆப்சென்ட் விழுமா? இந்தக் கடைசிக் கேள்வி அற்பமாகத் தெரியும். இதை முன்கூட்டிக் கேட்காமல் செமஸ்டர் முடிவில் அழுதுகொண்டு வந்த பிள்ளைகளுக்கு நானே எத்தனை கடிதம் டைப் அடித்துக் கொடுத்திருக்கிறேன்.

வேறு ஒரு வழியும் இருக்கிறது. ஐஐடிக்காரர்கள் ஆன்லைனில் பாடம் நடத்துகிற என்பிடெல். பன்னிரண்டு வாரப் பாடத்துக்கு 3 கிரெடிட் என்று கணக்கு, பாடம் கேட்கக் காசு இல்லை, பரீட்சை எழுதினால் 1000 ரூபாய். வாராவாரம் அசைன்மென்ட் உண்டு. பன்னிரண்டில் நல்லதாக எட்டை எடுத்து 25 மார்க், பரீட்சைக்கு 75. பாடம் தொடங்கிச் சில வாரம் கழித்துத்தான் பரீட்சைக்குப் பணம் கட்டுகிற கடைசித் தேதி வரும். அதுவரை சில அசைன்மென்ட் செய்து பார்க்கலாம், ஒத்துவரவில்லை என்றால் பேசாமல் விலகிவிடலாம், மார்க் ஷீட்டில் ஒரு கீறலும் விழாது. டேராடூனில் இருக்கிற இஸ்ரோவின் ஐஐஆர்எஸ் நிறுவனம்கூட ரிமோட் சென்சிங் பாடங்களை இலவசமாக ஆன்லைனில் நடத்துகிறது. எதிரில் வாத்தியார் நின்று சொல்லிக் கொடுக்கிற மாதிரி இருக்காதுதான். லேபில் உட்கார்ந்து படத்தைத் திறந்து பார்க்கிற வசதியும் கிடைக்காது. அது உனக்கு முக்கியம் என்றால் கல்லூரிப் பேப்பரையே எடு.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், ஆனர்ஸ் பதிவு இப்போது வேண்டாம். அந்த ஒரு பேப்பரை எடு, டியூஷனைக் குறைத்துக்கொண்டு எடு. முதல் இரண்டு வாரம் வகுப்பில் போய் உட்கார்ந்துவிட்டுப் பதிவு செய்ய அனுமதி உண்டா என்றும் கேள், இருந்தால் அதுதான் நல்லது. திரும்ப எடுக்கிற கடைசித் தேதிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிடு. அன்றைக்கு நான் உன்னிடம் இந்தப் பேப்பரைப் பற்றிக் கேட்கமாட்டேன். ஸ்ட்ரக்சரல் அனாலிசிஸில் எந்த யூனிட் வரை படித்திருக்கிறாய் என்று மட்டும் கேட்பேன். பதில் சொல்வதற்கு முன்னால் நீ இரண்டு தடவை இருமினால் எனக்குப் புரிந்துவிடும், உன் இருமல் எனக்குத் தெரியாதா. அப்போது விட்டுவிடலாம். டீக்கடையில் இரண்டு பேருக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

இதையெல்லாம் படித்துவிட்டு, இல்லை அப்பா, ஆறு பேப்பரும் எடுக்கிறேன் என்று நீ சொன்னாலும் சரிதான். அதைப் பதினைந்து கட்டம் போட்ட அந்தத் தாளைப் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டுச் சொல்.

வெள்ளிக்கிழமை அத்தை மகன் குழித்துறையில் அனந்தபுரி ஏறுகிறான். அவனிடம் ஒரு பை கொடுத்துவிடுகிறேன். முந்திரிக்கொத்து உன் அம்மா செய்தது, நாலு நாளைக்கு வைத்துச் சாப்பிடலாம். மட்டிப்பழம் ஒரு சீப்பு வைத்திருக்கிறேன், அதை முதல் நாளே முடித்துவிடு, ரயிலிலேயே கறுக்கத் தொடங்கிவிடும். ரூமில் இருக்கிற மூன்று பேருக்கும் கொடு. ஏத்தங்காய் சிப்ஸ் டப்பாவை மட்டும் டியூஷன் பிள்ளைகளுக்கென்று உன் அம்மா தனியாகக் கட்டியிருக்கிறாள், அதைத் திறக்காதே. சனிக்கிழமை காலை எழும்பூருக்கு நீ வர வேண்டாம், அவனே ஹாஸ்டல் வாசலில் கொண்டுவந்து தருவான்.

மழை சற்று விட்டிருக்கிறது. மரத்தில் சிரட்டைகள் நேராகக் கிடக்கின்றன, தண்ணீர் சேர்ந்திருக்கும், போய்க் கவிழ்த்துவிட்டு வருகிறேன்.

அன்புடன்
அப்பா

பி.கு.: மெஸ் பில் எந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும் என்று எழுதவில்லையே. அதை இன்றைக்கே அனுப்பு.